ஜெர்மனியில் இரவு, ஞாயிறு வேலை: படிக் கணக்கில் தவறும் இடங்கள்

ஜெர்மனியில் ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைக்கும்: இரவுக்கு 25 சதவீதம், ஞாயிறுக்கு 50, அரசு விடுமுறைக்கு 125, மே தினத்துக்கு 150. பார்த்ததுமே மனக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். ஆனால் அது வருமான வரிச் சட்டத்தின் 3பி பிரிவு. முதலாளி இந்த அளவு வரை படி கொடுத்தால் அதற்கு வரி இல்லை, அவ்வளவுதான். கொடுத்தே ஆக வேண்டும் என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

ஞாயிறு வேலைக்குப் படி தரச் சொல்லும் பொதுச் சட்டமே அங்கே இல்லை. வேலை நேரச் சட்டம் கேட்பது, இரண்டு வாரத்துக்குள் ஒரு மாற்று ஓய்வு நாள். பணம் வேண்டுமானால் தொழிற்சங்கம் போட்ட கூட்டு ஒப்பந்தத்திலோ உங்கள் பணி ஒப்பந்தத்திலோ அது எழுதியிருக்க வேண்டும்.

இரவு வேலை வேறு கதை. "எங்கள் கம்பெனியில் சங்கமே இல்லை, எதைக் கேட்பது?" என்று சும்மா இருந்துவிடுகிறவர்கள் இங்கேதான் இழக்கிறார்கள். கூட்டு ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், வழக்கமாக இரவில் வேலை பார்ப்பவருக்குப் படியோ சம்பளத்தோடு விடுப்போ தர வேண்டும் என்பது சட்டம். எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. தொழிலாளர் உச்ச நீதிமன்றம் பொதுவாக 25 சதவீதம், எப்போதுமே இரவுப் பணி என்றால் 30 என்று அளவு வைத்திருக்கிறது.

எது இரவு என்பதிலும் சிக்கல். வேலை நேரச் சட்டத்துக்கு 11 மணிக்குத்தான் இரவு. நகராட்சி, கூட்டாட்சி அரசு ஊழியர்களின் ஒப்பந்தமான டிவிஓடிக்கு 9 மணி. வரித்துறைக்கு 8 மணிக்கே இருட்டிவிடுகிறது! மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தால் சம்பளச் சீட்டு எந்த மாதமும் ஒத்துவராது.

எல்லாப் படிகளையும் கூட்டிவிடுவதும் தவறு. டிவிஓடியில் இரவுக்கு 20 சதவீதம், ஞாயிறுக்கு 25. ஞாயிறு இரவு வேலை பார்த்தால் இரண்டும் சேர்ந்து 45. ஆனால் ஞாயிறும் அரசு விடுமுறையும் ஒரே நாளில் வந்தால் அவ்விரண்டில் பெரியது மட்டுமே. ஈஸ்டர் ஞாயிறு பெரும்பாலான மாநிலங்களில் அரசு விடுமுறையே இல்லை, திங்கள்தான் விடுமுறை. அந்த ஞாயிறுக்கும் விடுமுறைப் படி கேட்டுப் பேக்கரித் தொழிலாளர்கள் 2010 வரை வழக்காடித் தோற்றார்கள்.

பகுதி நேரக்காரர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. முழுநேர ஊழியரின் மணிநேரத்தைத் தாண்டினால்தான் மிகைநேரப் படி என்று பல ஒப்பந்தங்களில் இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, தகுந்த காரணம் இல்லாமல் அப்படி வைப்பது பாகுபாடு என்று அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

விடுபட்ட படியை வருடக் கடைசியில் மொத்தமாகக் கேட்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். டிவிஓடியில் ஆறு மாதம் தாண்டினால் உரிமை போய்விடும். மேலாளரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒரு மின்னஞ்சல் போதும்.