கொம்பனித்தெருவின் முன்னாள் பெயரும் முதலைக் கதையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு 2 என்று நாம் முகவரியில் எழுதும் கொம்பனித்தெரு, ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'சிலேவ் ஐலண்ட்' என்றே வழங்கிற்று. 2022இன் இறுதியில் அப்பெயரைக் கைவிட்டு, ஆங்கிலத்திலும் உள்ளூர்ப் பெயரையே எழுதுமாறு அரசு பணித்தது. அப்பெயரோடு ஒட்டிய கதை நம்மவர் பலருக்குத் தெரியும்: ஒல்லாந்தர் அடிமைகளைப் பகலில் கோட்டைக்குள் வேலை வாங்கி, இரவில் ஏரி சூழ்ந்த இந்நிலத்தில் அடைத்துவைத்தார்கள்; தப்பியோட நீரில் இறங்கியவரை முதலைகள் பிடித்துக்கொண்டன. இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் இடறும் இடங்கள் சில உண்டு.

ஆங்கிலப் பெயரை 'அடிமைத்தீவு' என்று பெயர்த்து, அதுவே பழைய தமிழ்ப் பெயர் என்று எழுதிவிடுவது முதல் தவறு. தமிழர் பேச்சில் அவ்விடம் நெடுங்காலமாகவே கொம்பனித்தெருதான். ஆகவே முன்னாள் பெயர் என்பது ஆங்கிலத்துக்கு மட்டுமே பொருந்தும். இன்றைய பேர வாவியைப் பார்த்துவிட்டு, இங்கே தீவு எப்படி இருந்திருக்கும் என்று கதையையே தள்ளிவிடுவதும் சரியன்று. அக்காலத்து ஏரி இன்றையதைவிட மிகப் பெரியது. அதன் பெரும்பகுதி பின்னர் நிரப்பப்பட்டுவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அடிமைகள் என்றதும் ஆபிரிக்கரை மட்டுமே நினைப்பதாகும். போர்த்துக்கேயர் காலந்தொட்டு ஆபிரிக்கர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் 1659 முதல் 1661 வரை போரும் பஞ்சமும் தஞ்சைச் சீமையை வாட்டியபோது, பசி தாளாமல் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி சோழமண்டலக் கரைத் துறைமுகங்களில் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றியது; அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடங்களில் இலங்கையும் ஒன்று. நம் மொழி பேசிய அம்மக்களை விட்டுவிட்டு முதலைகளை மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்குப் பெரும் வருத்தத்தைத் தருகிறது. முதலைகள் எத்தனை இருந்தன, அவற்றை யாரேனும் வேண்டுமென்றே விட்டார்களா என்பவற்றைக் கதையின் பங்காகவே சொல்ல வேண்டும். கம்பனி அடிமைகளை வைத்திருந்ததை வரலாறாகவே சொல்ல வேண்டும்.

அருகிலுள்ள மலே வீதியின் மலாயரும் அவ்வடிமைகளின் வழிவந்தவரே என்பதுபோல, அவ்வீதியையும் இக்கதைக்குள் இழுத்துவிடுகிறார்கள்; அது சரியன்று. இப்பகுதியில் மலாயர் வேரூன்றியதற்குப் பெருங்காரணம் ஆங்கிலேயரின் படையில் அவர்கள் ஆற்றிய சேவையாகும்.

ஒல்லாந்தரோடு அடிமைமுறையும் போய்விட்டது என்று முடிப்பது இன்னொரு பிழை. 1796இல் கொழும்பு ஆங்கிலேயர் கைக்கு மாறிய பின்னரும் அடிமைகள் இருந்தார்கள். 1816 ஆகஸ்டுக்குப் பின் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராகக் கொள்ளக் கொழும்பின் உரிமையாளர் பலர் இசைந்தார்கள். ஆயினும் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல்தான்.