பழைய ஜூக்பாக்ஸுக்குள் கணினி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசு போட்டு, பொத்தானை அழுத்தினால் இசைத்தட்டுப் பாட்டுப் பாடும் பழைய பெட்டிதான் ஜூக்பாக்ஸ். ஓடாத ஒன்று கைக்கு வந்ததும், அதைக் கணினியால் பாட வைக்கலாம் என்று பலர் முதலில் வாங்குவது உள்ளங்கை அளவுக் கணினிப் பலகையான ராஸ்பெரி பை. வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. இந்த வேலையில் கணினிதான் ஆகச் சுலபமான பகுதி. அது கடைசியில் வந்தால் போதும். சொதப்பல்கள் எல்லாம் அதற்கு முன்பே, மரத்திலும் இரும்பிலும் ஒயரிலும் நடந்து முடிந்துவிடுகின்றன.

முதல் தவறு, 'ஓடவில்லை' என்பதை 'செத்துவிட்டது' என்று எடுத்துக்கொள்வது. பல வருடம் சும்மா நின்ற பெட்டியில் பல்சக்கரங்களில் இருந்த கிரீஸ் கெட்டியாகிப் பிசினாகிவிடும். இசைத்தட்டைத் தூக்கி வைக்கும் கை பாதியில் சிக்கி நிற்கும், சுவிட்ச் முனைகள் கறுத்திருக்கும். துடைத்து, புது கிரீஸ் வைத்து, சில மின்தேக்கிகளை மாற்றினால் எழுந்து ஓடும் பெட்டிகள் நிறைய உண்டு. அதிலும் 1946-இல் வந்த உர்லிட்சர் 1015 போன்ற குமிழி விளக்குப் பெட்டியோ, 45 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 45 சுற்று) தட்டை முதலில் இசைத்த 1950-ஆம் வருட சீபர்க் எம்100பியோ உங்களிடம் இருந்தால், தயவுசெய்து அதைக் குடையாதீர்கள். பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிட்டு, உள்ளே ஏற்கெனவே காலியான ஒரு பெட்டியைத் தேடுங்கள். கணினி வைக்க ஏற்றது அதுதான்.

சரி, காலிப் பெட்டிதான், மாற்றியே ஆக வேண்டும் என்றாலும் ரம்பத்தை எடுக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளில் ஒரு பிளைவுட் பலகையைப் பொருத்தி, புதிய சாமான் அனைத்தையும் அதன்மேல் ஏற்றினால் பெட்டியில் ஒரு புதுத் துளைகூட விழாது. கழற்றுவதற்கு முன் படம் எடுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் சீட்டு ஒட்டுங்கள். திருகுகளை எந்த இடத்துத் திருகு என்று எழுதிய பையில் போடுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நினைப்போம், இருக்காது.

மின்சாரத்தில் செய்யும் தவறுக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். ஆவலில் நேராக பிளக்கைச் செருகிவிடுவார்கள். உள்ளே காய்ந்துபோன மின்தேக்கிகள், தொட்டால் உதிரும் ஒயர் உறை, எர்த் இல்லாத இரண்டு முனை பிளக். கண்ணாடிக் குழாய்களால் (வால்வு) ஆன பழைய ஆம்ப்ளிபையரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, மின்தடையம் வழியாக வடித்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். எர்த், சரியான ஃபியூஸ் இரண்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

அமெரிக்கப் பெட்டிகள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. 230 வோல்ட் வரும் இடத்தில் டிரான்ஸ்பார்மர் போட்டு வோல்ட்டைக் குறைத்தால் பாதிப் பிரச்சினைதான் தீரும். 50 ஹெர்ட்ஸ் அப்படியே இருப்பதால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், குழல்விளக்கின் பழைய சோக் சூடேறும். விளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது நல்லதுதான். ஆனால் பளீர் வெள்ளையும், நிமிடத்துக்கொரு நிறம் மாறுவதும் வேண்டாமே. பெட்டியின் முகமே போய்விடும்.

ஸ்பீக்கரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கருக்கு நிரந்தரக் காந்தமே கிடையாது. ஆம்ப்ளிபையரிலிருந்து வரும் உயர் மின்னழுத்தம் ஒரு சுருளில் பாய்ந்துதான் காந்தம் உண்டாகும். அந்தச் சுருளே ஆம்ப்ளிபையரின் மின்வழங்கலில் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் வேலை செய்யும். விவரம் தெரியாதவர் பழைய ஆம்ப்ளிபையரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைக் கோர்ப்பார். சத்தம் முனகலாக வரும். ஸ்பீக்கர் போச்சு என்று அதையும் எறிந்துவிடுவார். குறை ஸ்பீக்கரில் இல்லை. பின்னாலிருந்து நான்கு ஒயர் வந்தால், எதையும் கழற்றுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

பழைய ஆம்ப்ளிபையரையே வைத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறு வேறு. கணினியின் ஒயரை ஊசி செருகிய இடத்திலேயே செருகிவிடுவார்கள். காந்த வகை ஊசி தருவது சில மில்லிவோல்ட். கணினி தருவது கிட்டத்தட்ட ஒரு வோல்ட். போதாக்குறைக்கு, இசைத்தட்டு வெட்டும்போது குறைத்துவிட்ட தாழ்ந்த (பாஸ்) ஒலியை ஈடுகட்ட, ஊசி இணையும் ஆம்ப்ளிபையரின் முதல் கட்டம் அதை ஏற்றிக் கொடுக்கும். 45 ஆர்பிஎம் காலத்தில் வழக்கமான ஆர்ஐஏஏ என்ற ஒலிச் சமன் முறையில், மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கு இது 20 டெசிபெல்லுக்குப் பக்கம் வரும். விளைவு, குடத்துக்குள்ளிருந்து பாடுவது போல ஒரு கரகரப்பு. அந்தக் கட்டத்தைத் தாண்டி, ஒலி அளவுக் குமிழுக்கு முன்னால் இணைப்பதே முறை. ஒற்றைத் தட (மோனோ) ஆம்ப்ளிபையர் என்றால் இடது, வலது ஒயர்களை நேரடியாக முறுக்கிச் சேர்க்காதீர்கள். மென்பொருளிலேயே கலந்துவிடலாம், அல்லது ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் மின்தடையம் போடலாம்.

பொத்தான்களைப் பிடுங்கிவிட்டுத் தொடுதிரை ஒட்டுவது தவறு என்பதைவிடப் பாவம் என்பேன். எழுத்தொன்று, எண்ணொன்று அழுத்தி, 'டக்' என்று கேட்பதுதான் ஜூக்பாக்ஸ். 20 எழுத்து, 10 எண் என்றால் 200 பாட்டு. ஆனால் அந்தப் பொத்தான்கள் பழைய மின்சுற்றோடு இணைந்தவை. 24 வோல்ட்டுக்கு மேல் மாறுமின்சாரம் அதில் ஓடலாம். ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்தான் தாங்கும். பழைய மின்சுற்றிலிருந்து முழுவதும் பிரிக்காமல் இணைத்தால் ஒரே நொடியில் பலகை போய்விடும். பழைய சுவிட்ச் ஒரு அழுத்தலுக்கு நான்கைந்து முறை துள்ளி, தொட்டுத் தொட்டு விலகும் என்பதால், நிரலில் 20 மில்லிநொடி பொறுத்துப் படியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பல பெட்டிகளில் எழுத்துப் பொத்தானை அழுத்தினால் அது உள்ளேயே பூட்டிக்கொள்ளும். எண்ணை அழுத்தியதும் ஒரு சோலனாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இழுக்கும் காந்தச் சுருள்) சுண்டி அதை விடுவிக்கும். பெட்டியின் மூளையான பழைய மின்சுற்றை எடுத்துவிட்டால் விடுவிக்க ஆளில்லை, ஆகவே அந்தச் சுண்டலையும் கணினிதான் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகக் கொடுக்க வேண்டும். அரை நொடிக்குள் முடியட்டும். சோலனாய்டு தொடர்ந்து மின்சாரம் வாங்கச் செய்யப்பட்டதல்ல. நிரல் எங்காவது தொங்கி ரிலே மூடியபடி நின்றால் சுருள் கருகும் வாசனைதான் முதலில் வரும். அதற்கும் தனியாக ஒரு ஃபியூஸ் போடுங்கள். நேர்மின்சாரத்தில் ஓட்டினால் சுருளின் குறுக்கே, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டையோடும் வேண்டும்.

இப்போது கணினி. ஜூக்பாக்ஸை யாரும் முறைப்படி 'ஷட் டவுன்' செய்யப்போவதில்லை, பிளக்கைப் பிடுங்குவார்கள். அதனால் எஸ்டி கார்டில் எதுவும் எழுதாதபடி, படிக்க மட்டும் என்ற நிலையில் அமைத்துவிடுங்கள். ராஸ்பெரி பையிலேயே இதற்கு வசதி உண்டு. ஒலிக்கு, சில மாடல்களில் மட்டும் இருக்கும் 3.5 மி.மீ. ஹெட்போன் துளையை நம்பாமல், தனியாக ஒரு யுஎஸ்பி ஒலி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வால்வுகளுக்கு மேலே கணினியை வைக்காதீர்கள், சூடு மேலேதான் போகும்.

அப்புறம் பாட்டு. வன்தட்டில் இருபதாயிரம் பாட்டு இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டினால், பட்டியலைப் புரட்டியே பொழுது போய்விடும். 200 இடம் இருந்தால் 200 பாட்டு. பழைய வழக்கப்படி மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல உயரத்தில் பெயர்ச்சீட்டு அடித்து, சீட்டுக்கு இரண்டு பாட்டாகச் செருகுங்கள். ஒரு பாட்டு கத்தி அடுத்தது கிசுகிசுக்காமல் இருக்க, எல்லாவற்றின் ஒலி அளவையும் முன்கூட்டியே சமப்படுத்துங்கள். பொத்தானை அழுத்திய கணமே பாட்டு வெடிக்க வேண்டாம். தட்டைத் தேடி எடுத்து வைக்க அந்த இயந்திரம் எடுத்துக்கொண்ட சில நொடி மௌனத்தை நிரலில் விட்டுவையுங்கள்.