கிளினிக் திகதி தவறினால் அடுத்த மாதம் வரை காத்திருக்காதீர்கள்

திருகோணமலை நகரத்தில் ஒரு தனியார் பார்மசியில் வேலை செய்கிறேன். சீனி வருத்தக்காரர்களில் ஒரு வகையினரைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுவேன். கையில் மருந்துத் துண்டு இருக்காது. வெறுமையான குளிசைக் கார்டை நீட்டி, "தங்கச்சி, இதில பத்துத் தாங்கோ" என்பார்கள். கிளினிக்கில் தரவில்லையா என்று கேட்டால், "போன மாசம் போகேல்லை. இனிப் போனா மிஸ்ஸி ஏசுவா" என்று பதில் வரும்.

ஒரு கிளினிக் தவறுவது யாருக்கும் நடக்கும். மார்கழி மழை, செத்தவீடு, பிள்ளையின் சோதனை, கரைக்கு வரப் பிந்திய தோணி என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. நான் பார்த்த அளவில் ஆளைக் கவிழ்ப்பது அந்த முதல் தவறல் இல்லை. ஏச்சுக்குப் பயந்து இரண்டாவது மாதமும் வீட்டில் இருப்பதுதான். மூன்றாவது மாதம் கிளினிக் கொப்பி எந்த அலுமாரியில் கிடக்கிறது என்றே தெரியாது. சீனி கூடினால் பல்லுக்கொதி மாதிரி அலற வைக்காது, அதனால் நாட்களும் சத்தமில்லாமல் ஓடிவிடும்.

ஆகவே, தவறிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். அன்று உங்கள் கிளினிக் நாள் இல்லாவிட்டால், எந்த நாளில் சேர்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். மருந்து முடிந்திருந்தால் வெளிநோயாளர் பிரிவில் கொப்பியைக் காட்டி, அதுவரைக்கும் தரும்படி கேட்கலாம். நீளமாகக் கதை சொல்ல வேண்டியதில்லை. "அண்டைக்கு வர முடியேல்லை, மருந்து முடிஞ்சுது" என்றால் போதும். ஏசமாட்டார்களா? சில வேளை ஏசுவார்கள்தான். வரிசை வாசல்வரை நிற்கும் நாளில் யாருக்கும் வாய் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். கேட்டுவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

டொக்டரிடம் ஒரு விஷயத்தை மட்டும் மறைக்க வேண்டாம்: எத்தனை நாள் குளிசை போடவில்லை என்பது. "ஒழுங்காப் போடுறன்" என்று தலையாட்டினால், சீனி கூடியிருப்பதைப் பார்த்து மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவார். நீங்கள் வீட்டுக்கு வந்து, பயத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடத் தொடங்குவீர்கள். அப்போது சீனி தேவைக்கு மேல் இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி பிடுங்கும். அப்படி வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரிவராவிட்டால் இன்னொரு முறை குடியுங்கள், அப்புறம் ஏதாவது சாப்பிடுங்கள். மயங்கினவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். விட்ட குளிசையை அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டாகப் போடுவதும் கூடாது.

இரத்தப் பரிசோதனைக்கு முந்தின சில நாட்கள் மட்டும் சோற்றைக் குறைத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுகிற கெட்டிக்காரர்களும் நம்மிடம் உண்டு. வெறும் வயிற்றில் எடுக்கும் பரிசோதனை அதில் ஏமாறலாம். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை ஏமாறாது. அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டிவிடும்.

இனி, தவறாமல் இருக்க ஒரு வழி. மருந்து வாங்கி வந்த அன்றே குளிசையை எண்ணுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று மெற்போமின் என்ற சீனிக் குளிசை என்றால் 28 நாளுக்கு 56 வேண்டும். பிறகு கொப்பியில் உள்ள அடுத்த திகதியைக் கலண்டரில் பாருங்கள். அது 30 நாள் தள்ளியிருந்தால் நாலு குளிசை குறைகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். திகதி போயா தினத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள். போயா அரச விடுமுறை. அப்படி விழுந்தால் எந்த நாளில் வருவது என்று மிஸ்ஸியிடம் முன்கூட்டியே கேட்டு, கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் என்னிடம் ஓடிவந்து காசு கொடுத்து வாங்குகிறவர்களில் பலர் கவலையீனத்தால் வருகிறவர்கள் இல்லை. இந்தக் கணக்கை யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

எண்ணும்போதே உறையையும் கவனியுங்கள். சின்னக் கடதாசி உறையில் பேனையால் எழுதித் தந்தது மடியில் இருந்து வியர்வை பட்டால் அழிந்துவிடும். பிறஷர் குளிசையும் வெள்ளை, சீனிக் குளிசையும் வெள்ளை. வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கு நான் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் கீறிக் கொடுப்பேன். வீட்டில் பேரப்பிள்ளையைக் கொண்டு கீறுவித்தால் இன்னும் வடிவாக இருக்கும்.

மெற்போமின் போட்டால் வயிறு பிரட்டுகிறது என்று நிறுத்திவிட்டவர்கள் ஏராளம். சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்ட கையோடோ போட்டால் பெரும்பாலும் அடங்கும். அப்படியும் சரிவராவிட்டால் மெதுவாகக் கரையும் வகை ஒன்று இருக்கிறது, டொக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம். பாவக்காய்ச் சாறும் குறிஞ்சா இலையும் குடிக்கிறேன், குளிசை எதற்கு என்று வாதாடுகிறவர்களோடு எனக்குத் தினமும் சண்டை. சாப்பாட்டில் சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிசைக்குப் பதிலாக வேண்டாம்.

இரவுக் கடலுக்குப் போகிறவர்கள் குளிசையை மணிக்கூட்டோடு கட்டிவைத்தால் சிக்கல் வரும். சீனியை இறக்கும் கிளிக்லசைட் போன்ற குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தோணி ஏறினால், சீனி இறங்குவது நடுக்கடலில்தான். எத்தனை மணிக்கு உண்மையில் சாப்பிடுகிறீர்கள் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். நேரத்தை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள். கந்தசஷ்டி விரதமானாலும் ரமழான் நோன்பானாலும் இதே கதைதான். விரதம் தொடங்குவதற்கு முந்தின கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள். தொடங்கிய பிறகு கேட்டால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு நம்முடைய வெயில் ஒரு எதிரி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள் போத்தலை வைத்துவிட்டு மீன் வாங்கப் போகாதீர்கள். திறக்காத போத்தல் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கட்டும், ஐஸ் உறையும் தட்டில் மட்டும் வேண்டாம். ஒருமுறை உறைந்தால் அது குப்பைக்குத்தான். பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணலுக்குள் இறக்கிய மண்சட்டி, நிழலில் வைத்தால், நன்றாகவே குளிர்ச்சியைக் காக்கும். பொலித்தீனில் சுற்றிச் சட்டிக்குள் வையுங்கள், தண்ணீர் படக்கூடாது.

பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கிற நாளில் இன்சுலினையோ குளிசையையோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வரிசையில் நிற்கவேண்டாம். இரத்தம் கொடுத்து, கொண்டுவந்த பிட்டையோ பாணையோ சாப்பிடும் நேரத்தில் போடுவதுதான் வழமை. உங்களுக்கு எப்படி என்று முந்தின கிளினிக்கில் கேட்டு வையுங்கள்.

தூரம் இன்னொரு காரணம். மூதூர்ப் பக்கத்தில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு வந்து போனால் ஒரு நாள் கூலி போச்சு. மூதூரிலும் கிண்ணியாவிலும் கந்தளாயிலும் ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. சீனி கட்டுப்பாட்டில் இருந்தால் கிட்டிய கிளினிக்குக்குக் கடிதம் தரமுடியுமா என்று கேளுங்கள். பெரியாஸ்பத்திரி டொக்டர்தான் கைராசி என்று பிடிவாதம் பிடித்து, மாதம் விட்டு மாதம் தவறவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். கண், கால், சிறுநீரகம் பார்க்கிற வருடாந்தப் பரிசோதனைக்கு மட்டும் நகரத்துக்கு வந்தாலும் போதுமாக இருக்கலாம்.

கடைசியாக, கொப்பியின் முன் அட்டையையும் கடைசியாக எழுதிய பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். வெள்ளத்தில் கொப்பி நனைந்துபோனாலும் பெயர், கிளினிக் இலக்கம், மருந்தின் அளவு எல்லாம் அதில் இருக்கும். கார்டின் மூலையைப் பார்த்து நான் ஊகிக்கத் தேவையில்லை.