ராணுவப் பாடம் படித்த மேலாளர்கள் சறுக்கும் இடங்கள்

பரங்கிமலை ராணுவ அகாடமியில் பயிற்சி பெற்று, குறுகிய காலப் பணி முடிந்து கம்பெனிக்கு வரும் இளம் அதிகாரிகளைக் கிடங்கு நிர்வாகத்தில் நிறையப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நான் விழுந்த குழிகளிலேயே அவர்களும் விழுகிறார்கள். அதட்டக் கூடாது என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நோக்கம் சொல்லாத உத்தரவு

1854 அக்டோபர் 25, கிரிமியப் போரின் பாலக்லாவா களம். எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்கும்படி மேட்டிலிருந்து பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு எழுதியனுப்பினார். எந்தப் பீரங்கிகள் என்று எழுதவில்லை. கீழே இருந்த குதிரைப்படைத் தலைவர் லூக்கனின் கண்ணுக்கு அவை தெரியவில்லை. குதிரைப்படை தவறான பீரங்கிகளின் மீது பாய்ந்து சிதைந்தது. உங்கள் ஒருவரி மின்னஞ்சலை, அதைப் பெறுபவரின் இடத்திலிருந்து ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

ஆய்வை விசாரணையாக்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு வேலை முடிந்ததும் நடந்ததை அலசும் 'ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூ' என்று அமெரிக்கத் தரைப்படை 1970களில் வகுத்த முறை எளிமையானது. என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன், இனி என்ன செய்யலாம்? கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் பயிற்சிப் போரில் தோற்ற கர்னலும் இந்தக் கேள்விகளுக்குத் தப்ப முடியாது. நம்மவர்கள் கடன் வாங்குவதோ பெயரை மட்டும்.

ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் தீபாவளிச் சரக்கு இரவு கிளம்பாமல் காலையில்தான் கிளம்பியது. புது மேலாளர் ஆய்வுக் கூட்டம் போட்டார். முதல் கேள்வியே "யாரால் தாமதம்?" லோடு ஏற்றுபவர்கள் பில் பிரிவைக் கைகாட்டினார்கள், பில் பிரிவு செக்யூரிட்டியைக் கைகாட்டியது. பின்வரிசையில் இருந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் வாய் திறக்கவில்லை. பிறகு டீக்கடையில் என்னிடம் சொன்னார்: "மூன்றாவது டாக்கில் (சரக்கேற்றும் மேடை) வண்டிக்குப் பாலமாகும் இரும்புப் பலகை இறங்கவே இல்லை சார். எல்லா வண்டியும் ஒரே டாக்கில் ஏற்றினோம். என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் ஆளைத்தானே தேடினார்?" பொங்கலுக்கும் அதே டாக், அதே தாமதம்.

உங்கள் திட்டத்தில் பிசகியதை நீங்களே முதலில் சொல்லுங்கள். அடுத்துக் கடைநிலை ஊழியர் பேசட்டும். இன்கிரிமென்ட் போடுபவரை அந்த அறைக்குள் விடாதீர்கள். முடிவானதை யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று அங்கேயே எழுதி, சரிசெய்யும் செலவுக்கும் அன்றே கையெழுத்துப் போடுங்கள்.

கட்டளைச் சங்கிலி

எதையும் மேலதிகாரியைக் கேட்டே செய்யும் பழக்கம் அவசரத்துக்கு ஆகாது. தீ பிடித்தால் அலாரம் அடிக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று எழுதி ஒட்டுங்கள்.

சலுகை

டேராடூன் ராணுவ அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் பொறித்த வாசகப்படி அதிகாரியின் சொந்த வசதி எப்போதும் கடைசி. போனஸ் பட்டியலிலும் உங்கள் பெயர் அப்படியே கடைசியில் இருக்கட்டும்.