நந்தி மலையைப் படிவழியே ஏறுவது எப்படி

பெங்களூர்த் தமிழர்களில் நந்தி மலையைக் காணாதவர் குறைவு. ஆனால் விடியற்காலையில் காரிலோ பைக்கிலோ உச்சிவரை சென்று, பனிமூட்டத்தில் நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பியவர்களே மிகுதி. 1,478 மீட்டர் உயரமுள்ள இம்மலையைக் கீழிருந்து நடந்து ஏற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவு. வார நாளில் இருள் பிரியுமுன் கிளம்புங்கள். நேராகப் படிகளுக்குச் செல்லாமல், முதலில் நந்தி கிராமத்திலுள்ள போகநந்தீஸ்வரர் கோயிலுக்குச் செல்லுங்கள். அங்கே அருணாசலேஸ்வரர் சிவனின் குழந்தைப் பருவமாகவும், போகநந்தீஸ்வரர் இளமையாகவும் வழிபடப்படுகின்றனர். மலையுச்சியிலுள்ள யோகநந்தீஸ்வரரோ துறவு நிலை. துறவியின் சன்னிதி என்பதால் அங்கே திருவிழாக்கள் கிடையாது. கருங்கல் தூண்களில் இடைவெளியின்றிச் சிற்பங்கள் செறிந்த கீழ்க்கோயில் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டு ஏறுகிறவருக்கே மேற்கோயிலின் எளிமை புரியும். இராசேந்திர சோழனுடையது என்று கருதப்படும் சிலையும் கீழ்க்கோயிலில்தான் உள்ளது. நம்மவர்கள் அதைத் தவறவிடலாகாது.

மலையடிவாரத்திலுள்ள சுல்தான்பேட்டையிலிருந்து 1,175 படிகள். அவை ஒரே அளவில் இல்லை. சில முழங்கால் உயரம், சில பாதம் முழுதும் பதியாத அகலம். மழைக்காலத்தில் பாசி படிந்து வழுக்கும் என்பதால் தேய்ந்த செருப்பு கூடாது, நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். முதல் நூறு படிகளை வேண்டுமென்றே மெதுவாக ஏறுங்கள். மூச்சு சீரானபின் கால்கள் தாமே வேகத்தைக் கண்டுகொள்ளும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவசியம். தின்பண்டங்களைக் கையில் பிடிக்காமல் முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள். பிளாஸ்டிக் உறையின் சரசரப்புக் கேட்டாலே குரங்குகள் இறங்கிவிடும். வழியில் வரும் கோட்டை வாயில்களில் நின்று இளைப்பாறலாம். ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை 1791 அக்டோபரில் திப்புவிடமிருந்து கைப்பற்றிய கோட்டை இது.

உச்சியில் சூரியோதயத்தை எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். பல நாட்கள் மேகமே எதிரில் நிற்கும். அந்த ஈரம்தான் இம்மலையின் செல்வம். நீலகிரிக் காட்டுப்புறா இங்கு வாழ்வது அதனால்தான். ஓசையின்றி மரநிழலில் பத்து நிமிடம் நின்றால் அதன் ஆழ்ந்த குரலைக் கேட்க வாய்ப்புண்டு. வேலூரைக் கடந்து ஓடும் பாலாறும், கடலூரருகே கடலில் சேரும் தென்பெண்ணையும் இந்த மலைத்தொடரை ஒட்டித்தான் பிறக்கின்றன. ஆகவே ஒரு காகிதத்தைக்கூட இங்கே விட்டுவராதீர்கள்.

வெயில் ஏறுமுன் இறங்கத் தொடங்குங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உயரமான படிகளில் பக்கவாட்டில் திரும்பி, ஊன்றுகோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வைக்க வேண்டும்.