கை கிருமிநாசினி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு நோயாளியுடன் வந்து லாட்ஜில் தங்குவோர், அக்கம்பக்கத்து மருந்துக் கடைகளில் கை கிருமிநாசினி வாங்கும்போது, வாசனையையும் நிறத்தையும் விட்டுவிட்டு, புட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சேர்மான விவரத்தைப் படிக்க வேண்டும். ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருத்தல் அவசியம். உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எத்தனால் என்றால் 80, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றால் 75 சதவீதம். அதற்காக 100 சதவீதத்தைத் தேட வேண்டாம், ஏனெனில் கிருமியின் புரதம் சிதையத் தண்ணீரும் தேவை. மெத்தனால் நஞ்சு, அது கலந்ததைத் தொடவே கூடாது. ‘99.9 சதவீதக் கிருமிகளை அழிக்கும்’ என்ற விளம்பர வரியைவிட, உரிம எண்ணையும் காலாவதித் தேதியையும்தான் நான் நம்புவேன்.

இரு கைகளும் நன்றாக நனையும் அளவு எடுத்து, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எங்கும் படும்படி, தானாகக் காயும்வரை 20 முதல் 30 நொடிகள் தேய்க்க வேண்டும். ஈரம் காயுமுன் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டால் பயனில்லை. கையில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தாலும், கழிப்பறை சென்று வந்தாலும், சோப்பும் தண்ணீருமே சரி. வாந்திபேதி உண்டாக்கும் நோரோவைரஸிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது.

இது எளிதில் தீப்பற்றுவதால், லாட்ஜ் அறையில் சமைப்போர் அடுப்பருகே வைக்கக் கூடாது. கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் விட்டுச் செல்லக் கூடாது.