உங்கள் ஓட்டை நீங்களே தணிக்கை செய்யுங்கள்

2025 ஜனவரியில் ஒரு காலை, சார்லட்டிலிருந்து என் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “அம்மா, உன் பெயர் பட்டியலில் இருக்கிறது.”

“எந்தப் பட்டியலில்?”

“ஓட்டைச் செல்லாததாக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களே, அந்த அறுபதாயிரம் பேரில் நீயும் ஒருத்தி.”

இருபது வருடம் கணக்குத் தணிக்கை பார்த்துப் பிழைத்தவள் நான். அடுத்தவர் புத்தகத்தில் ஒரு டாலர் உதைத்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் பெயருக்கு நேராக ஒரு கட்டம் வருடக்கணக்காகக் காலியாகக் கிடந்ததைப் பார்க்கவில்லை. நார்த் கரோலினாவில் குடியுரிமை வாங்கிய தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, தேதிகளைத் தங்கள் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். 2024 நவம்பரில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஒரு இருக்கைக்குப் போட்டி. பதவியில் இருந்த ஜனநாயகக் கட்சி நீதிபதி ஆலிசன் ரிக்ஸ் ஒரு பக்கம், குடியரசுக் கட்சியின் ஜெஃபர்சன் கிரிஃபின் மறுபக்கம். தேர்தல் இரவில் கிரிஃபின் ஏறத்தாழ பத்தாயிரம் ஓட்டு முன்னிலை. மீதமிருந்த தபால் வாக்குகளையும், தகுதியைச் சரிபார்த்த பிறகே எண்ணும் ப்ரொவிஷனல் வாக்குகளையும் எண்ணி முடித்தபோது ரிக்ஸ் 734 ஓட்டில் ஜெயித்திருந்தார். பதிவானவை சுமார் 55 லட்சம். இரண்டு முறை மறு எண்ணிக்கை நடந்தது, 734 அசையவில்லை. உடனே 65,000-க்கும் மேற்பட்ட வாக்குகளை நீக்கவேண்டும் என்று கிரிஃபின் தரப்பு வழக்குப் போட்டது. பெரும்பாலானவர்கள் மீது சொன்ன குற்றம்: பதிவுக் கோப்பில் ஓட்டுநர் உரிம எண்ணோ, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லை.

பழைய படிவத்தில் அந்தக் கட்டம் கட்டாயம் என்பது தெளிவாகத் தெரியாது. நானும் விட்டிருக்கிறேன். எண்ணை எழுதிக் கொடுத்தும் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பெயர் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்து எண் பொருந்தாமல் போனால், கோப்பில் அது பதிவாகாமலே போயிருக்கலாம்.

இங்கேதான் நம் ஆட்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஒரு கோப்பில் முன்னால், இன்னொன்றில் பின்னால். முதலெழுத்து ஒன்றில் விரிந்திருக்கும், மற்றதில் சுருங்கியிருக்கும். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வந்தவர்களுக்கு விசாவில் ‘எஃப்என்யூ’ என்று ஒட்டிவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். என் கணவர் அந்த எஃப்என்யூவோடு பல வருடம் குடும்பம் நடத்தினார். மருந்துக்கடையில் “மிஸ்டர் எஃப்னு” என்று கூப்பிட்டால் எழுந்து போவார்.

ஆகவே முதல் வேலை, மேஜைமேல் நான்கு காகிதம் பரப்புவது: குடியுரிமைச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, மாநிலத் தேர்தல் வாரியத் தளத்தில் ‘வாக்காளர் தேடல்’ பக்கத்தில் வரும் உங்கள் பதிவின் அச்சுப் பிரதி. நான்கிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எது மாறுபடுகிறதோ அதைத் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே திருத்துங்கள். குடியுரிமை வாங்கியவர்கள் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தாங்களாகப் போய்ச் சொல்லிவிடுவது நல்லது. அரசின் ஒரு கைக்குத் தெரிந்தது மறு கைக்குப் போய்ச் சேர வருடங்கள் ஆகும்.

அந்தத் தேடல் பக்கத்தில் உங்கள் நிலை ‘ஆக்டிவ்’ என்று இருக்கவேண்டும். ‘இன்ஆக்டிவ்’ என்றிருந்தால் இன்னும் ஓட்டுப் போடலாம், ஆனால் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள். நீண்டகாலம் ஓட்டுப் போடாததைக் காரணமாக வைத்து நீக்கும் நடைமுறையைத் தொடங்குவது சட்டப்படி சரியே என்று, ஒஹையோ வழக்கில் 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூட்டாட்சித் தேர்தலுக்கு முந்தைய 90 நாளில் மொத்தமாகப் பெயர் நீக்கக் கூடாது என்று 1993-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. களையெடுப்பு அதற்கு முன்னால்தான் நடக்கும் என்பதே அதன் பொருள். கோடையில் ஒருமுறை பாருங்கள், செப்டம்பர் கடைசியில் மறுமுறை. பதிவுக்கான கெடு தேர்தலுக்கு 25 நாள் முன்பு. தவறவிட்டவர்கள் முன்கூட்டிய வாக்களிப்பு நடக்கும் நாட்களில் முகவரிச் சான்றோடு போனால் அங்கேயே பதிந்து ஓட்டும் போடலாம். தேர்தல் அன்று அந்த வசதி இல்லை.

எண் இல்லாத பதிவுகளைச் சரிசெய்ய 2025 ஜூலையில் வாரியம் ஒரு ‘பதிவுச் சீரமைப்பு’ வேலையைத் தொடங்கியது. ஒரு லட்சம் பேர் அளவுக்குப் பட்டியல். தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். இருந்தால், ஓட்டுநர் உரிமத் துறையின் இணையதளம் வழியாகவோ தபாலில் வரும் படிவத்திலோ எண்ணைக் கொடுத்துவிடலாம். எனக்கு ஏழு நிமிடம் பிடித்தது. அதில் ஐந்து நிமிடம் மூக்குக் கண்ணாடி தேடியது.

இதெல்லாம் வெறும் குமாஸ்தா வேலை என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை. இன ஒதுக்கல் வரலாறு கொண்ட பகுதிகள் தேர்தல் விதியை மாற்றும்முன் வாஷிங்டனில் அனுமதி வாங்கவேண்டும் என்பது 1965-ஆம் வருட வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பு. 2013 ஜூனில் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முறித்தது. சில வாரங்களிலேயே எங்கள் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது: முன்கூட்டிய வாக்களிப்பு 17 நாளிலிருந்து 10 நாள், உடனடிப் பதிவு ரத்து, அடையாள அட்டை கட்டாயம். எந்த இனத்தார் எந்த வழியில் ஓட்டுப் போடுகிறார்கள் என்ற விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெட்டியிருக்கிறார்கள். 2016-இல் அதை ரத்து செய்த மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தச் சட்டம் ஏறக்குறைய அறுவைச் சிகிச்சைத் துல்லியத்தோடு கறுப்பின வாக்காளர்களைக் குறிவைத்தது என்றே எழுதியது.

ஓட்டுப் போடும் நாளுக்கு வருவோம். அந்தச் சட்டம் ரத்தானாலும், இப்போது புகைப்பட அடையாளம் வேண்டும். உரிமத்தில் உள்ள முகவரி பழையதாக இருந்தால் பரவாயில்லை. பெயர் அச்சு அசலாக இருக்கவேண்டியதில்லை, பதிவில் உள்ளதற்கு இணையாக இருந்தால் போதும். இதை மேஜையில் இருப்பவரிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லலாம். இரவு 7.30-க்குள் வரிசையில் நின்றுவிட்டால் உங்களுக்கு ஓட்டு உண்டு. யார் சொன்னாலும் வரிசையை விட்டு விலகாதீர்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் “ப்ரொவிஷனல் பேலட் கொடுங்கள்” என்று கேளுங்கள். கூட்டாட்சித் தேர்தலில் அது 2002-ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை. அதோடு வரும் எண் எழுதிய சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டு எண்ணப்பட்டதா என்று பிறகு பார்க்க அதுதான் சாவி. தகராறு வந்தால் 866-687-8683 என்ற கட்டணமில்லா எண்ணில் வழக்கறிஞர்களும் தன்னார்வலர்களும் பதில் சொல்வார்கள்.

என் மாமியாருக்கு வயது எழுபத்தொன்பது, ஆங்கிலம் படிக்க வராது. வாக்குச்சீட்டுத் தமிழில் கிடைக்காது. நெருங்கிய உறவினர் உடன் நின்று உதவலாம் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது, மருமகள் அதில் அடக்கம். நான் வேட்பாளர் பெயர்களை வாசித்தேன், அவர் விரலால் காட்டினார். யாருக்குப் போட்டார் என்று என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை, அவர் குடைந்து குடைந்து கேட்டும். நடக்க முடியாதவர்களுக்குக் காருக்கே சீட்டுக் கொண்டுவருவார்கள்.

தபால் ஓட்டைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டு சாட்சி, அடையாள நகல், தேர்தல் அன்று இரவு 7.30-க்குள் அலுவலகத்தில் இருக்கவேண்டும். உறையை யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். 2018-இல் பிளேடன் கவுண்டியில் குடியரசுக் கட்சி வேட்பாளருக்காக ஒருவர் ஆள் வைத்து உறைகளைத் திரட்டினார். 905 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்த காங்கிரஸ் தேர்தலே செல்லாமல் போய், மறு வருடம் திரும்ப நடந்தது.

இனி தேர்தல் இரவு. எங்கள் வீட்டில் அதற்கும் ஒரு நடைமுறை உண்டு. டல்லாஸில் இருக்கும் என் கொழுந்தன், குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் ஃபாக்ஸ் சேனல் பார்ப்பவர், என் மகள் எதிர் அணிச் சேனல். இரண்டு பக்கத்துத் துண்டு வீடியோக்களும் குடும்ப வாட்ஸப்பில் மோதிக்கொள்ளும். 2020 அதிபர் தேர்தலில் “அண்ணி, பென்சில்வேனியாவில் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டு முளைத்துவிட்டது” என்று எழுதினார். முளைக்கவில்லை. தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் திறக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். நேரில் போட்டவை முதலில் வந்தன, உறைகள் பின்னால் வந்தன. எங்கள் மாநிலத்தில் தலைகீழ், முன்கூட்டிய ஓட்டுகளே முதலில் திரையில் வரும். எந்தக் கட்டு முதலில் எண்ணப்படுகிறது என்று தெரியாமல் முன்னிலை, பின்னடைவு என்று பேசுவது, பாதிப் பேரேட்டைப் பார்த்து லாப நட்டம் சொல்வதுபோல.

சேனல் ‘அறிவிப்பது’ கணிப்பு மட்டும். 2000 அதிபர் தேர்தலில் ஃப்ளோரிடாவை முதலில் அல் கோருக்கும் பிறகு புஷ்ஷுக்கும் கொடுத்து, இரண்டு தடவையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் வித்தியாசம் 537 ஓட்டு. நான் ஒரு நோட்டில் மூன்று பத்தி கிழித்து வைத்திருக்கிறேன்: திரையில் சொன்னது, நீதிமன்றத்தில் சொன்னது, தீர்ப்பு. டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி வெளியே மோசடி மோசடி என்றார். 2020 நவம்பர் 17 அன்று பென்சில்வேனியா நீதிபதி முன்னால், இது மோசடி வழக்கு அல்ல என்றார். வாக்கு எந்திரங்களைப் பற்றி ஒளிபரப்பியவற்றுக்காக அவற்றைத் தயாரிக்கும் டொமினியன் நிறுவனத்துக்கு 2023-இல் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. மூன்றாவது பத்தி இப்படித்தான் நிரம்பும், தாமதமாக.

என் மகள் பக்கத்துக்கும் ஒரு வரி உண்டு. தேர்தல் விதிகளை இறுக்கிய 2021 ஜார்ஜியா சட்டத்தால் வாக்குப்பதிவு நொறுங்கிவிடும் என்று அவர்கள் சேனல் முழங்கியது. 2022-இல் அங்கே முன்கூட்டிய வாக்குப்பதிவு அதிபர் தேர்தல் இல்லாத இடைக்காலத் தேர்தல் ஆண்டுகளுக்கான சாதனை அளவைத் தொட்டது. அந்தச் சட்டம் நல்லது என்று நான் சொல்லவில்லை. ஒரே வாக்காளர் எத்தனை பேர் பதிவை வேண்டுமானாலும் எதிர்க்கலாம் என்பது அதில் இருக்கிறது. ஆனால் நோட்டில் எழுதத்தான் வேண்டும்.

என் ஓட்டுக்கு வருகிறேன். முன்கூட்டிப் போட்ட சீட்டைத் தேவைப்பட்டால் தேடியெடுக்க முடியும். தேர்தல் அன்று பெட்டிக்குள் போனதை எடுக்க முடியாது. அதனாலேயே வழக்கு, முன்கூட்டிப் போட்ட எங்கள் தலையில் விழுந்தது. 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றம், எண் இல்லாதது வாக்காளர் தவறு அல்ல என்று எங்கள் அறுபதாயிரத்தை விட்டுவிட்டது. வெளிநாட்டிலிருந்து வாக்களித்தவர்களை விடவில்லை. மே 5 அன்று, டிரம்ப் நியமித்த கூட்டாட்சி நீதிபதி அதையும் நிறுத்தினார். இரண்டு நாளில் கிரிஃபின் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

கவுண்டி வாரியம் எண்ணிக்கையை இறுதிசெய்யும் கூட்டத்துக்கு யாரும் போகலாம். 2025 நகராட்சித் தேர்தலுக்குப் பிறகு எங்கள் கவுண்டியில் போய் உட்கார்ந்தேன். ஐந்து உறுப்பினர்கள், இரண்டு கட்சியும் கலந்து. ப்ரொவிஷனல் உறைகள் ஒரு நீல டப்பாவில். ஓர் உறையில் பெயர் முன்பின்னாக எழுதியிருந்தது என்று ஊழியர் சொன்னார். இருவர் குனிந்து கையெழுத்தைப் பார்த்தார்கள். ஐந்து கையும் உயர்ந்தன. தலைவர் அடுத்த உறையை எடுத்தார்.